பன்னிரண்டாம் அத்தியாயமும் படிக்கட்டு விளக்கும்

அன்புள்ள அக்கா மகளுக்கு, மாமா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம்.

பள்ளியில் நீ என் தமிழ் வகுப்பில் அந்தப் பாட நாவலைப் படித்தபோது கேட்டாயே, "மாமா, பன்னிரண்டாம் அத்தியாயத்துல தலைப்பு மட்டும் இருக்கு, பக்கம் ஏன் காலியா இருக்கு?" என்று. "அச்சகத்துல விட்டிருப்பாங்க. அதுல அருஞ்சொற்பொருள் எழுதிக்கோ" என்றேன். முப்பது வருடம் எல்லாருக்கும் அதையேதான் சொன்னேன். இந்த வருடம் அதே நாவலை நீ நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் பேப்பர் எடுக்க இறங்குவேன். வாசலுக்கு வெளியே இருக்கிற சுவிட்சைப் போட்டால் படிக்கட்டு விளக்கு எரியாது. என்றைக்காவது பல்பு மாற்றினால் எரியட்டுமே என்று அணைக்காமலே விட்டுவிடுவேன். அதே நாட்களில் மாடித் தொட்டி தினமும் நிரம்பி வழிந்து, படியெல்லாம் ஈரமாகி, சங்கச் செயலாளர் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. இருட்டுக்கும் ஈரத்துக்கும் வாட்ச்மேன்தான் காரணம் என்று எல்லாரும் சொல்ல, புகாரை என்னை எழுதச் சொன்னார்கள். நானும் சும்மா இருப்பேனா? "படியிலே வெளிச்சமில்லை, தொட்டியிலே வெள்ளம்" என்று ஆரம்பித்தேன். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டதில் புகார்ப் படிவத்தில் இடம் தீர்ந்துபோய், என் கையெழுத்தைக் கீழே காலியாக இருந்த கட்டத்தில் போட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாட்ச்மேனை வேலையைவிட்டு நிறுத்துவதாக ஏற்பாடு.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, உன் கடிதம் வந்தது. நாவலை எடுத்தேன். அதில் ஒரு கிடங்குக்குத் தீ வைத்ததாக ஒரு சுமைதூக்கி மேல் வழக்கு. பதினொரு பேர் ஆளுக்கொரு அத்தியாயம் சாட்சி சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள், நாமும் மனசுக்குள் தீர்ப்பெழுதிவிடுகிறோம். அப்புறம் அந்தச் சுமைதூக்கி பேரில் பன்னிரண்டாம் அத்தியாயம், காலியாக. அவனிடம் யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த வெள்ளைப் பக்கம் நம்மைப் பார்க்கிறது. என் பிரதியில் அந்தப் பக்கம் முழுக்க என் கையெழுத்தில் அருஞ்சொற்பொருள்.

உடனே கீழே இறங்கி வாட்ச்மேனிடம் போனேன்.

"ஏம்ப்பா, இந்தப் புகாருக்கு நீ என்ன சொல்றே?"

"நல்லா எழுதியிருக்கீங்கன்னு செயலாளர் சொன்னாரு சார்."

"அது கிடக்கட்டும். உன் பக்கம் என்ன?"

அவர் என்னை என் வாசலுக்கே கூட்டி வந்தார். "இது மோட்டார் சுவிட்ச் சார். லைட்டு சுவிட்ச் அந்தப் பக்கம் இருக்கு." அதைப் போட்டார். படிக்கட்டு விளக்கு எரிந்தது. "யாரோ தினம் மோட்டாரைப் போட்டுட்டுப் போயிடறாங்க. நான் தண்ணி வழியறதைப் பார்த்துட்டு ஓடியாந்து நிறுத்தறேன்."

"இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் சார். செயலாளர் எழுத்துல குடுன்னாரு. என் விளக்கம் எழுதற கட்டத்துல உங்க கையெழுத்து இருந்துச்சு."

கூட்டத்தில் எழுந்து, அந்த 'யாரோ' நான்தான் என்று சொல்லி, என் கையெழுத்தை அடித்துவிட்டுப் பேனாவை அவரிடம் கொடுத்தேன். இரண்டு வரி எழுதினார். வேலை நிலைத்தது. சுவிட்சுக்கு மேலே இப்போது 'மோட்டார், சார்' என்று ஒட்டியிருக்கிறது.

உன் வகுப்பு நன்றாக நடக்கட்டும். அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா

பி.கு.: இதைப் படித்துவிட்டு உன் அத்தை, "அது மோட்டார் சுவிட்சுன்னு முதல் நாளே சொன்னேனே, அது இதுல எங்க?" என்கிறாள். சொன்னாள்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகக் கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன். "எனக்கு வேலை கிடக்கு" என்று போய்விட்டாள். ஆகவே நீ ஒன்று செய்: நாவலைத் தொடங்கும் முன், வீட்டில் கடைசியாக நடந்த சண்டையைப் பிள்ளைகளை எழுதச் சொல். எழுதி முடித்ததும், அதில் ஒரு வரிகூடப் பேசாதவர் யார் என்று தேடச் சொல்.