என் ஓரகத்தியும் ஒரு தட்டு காரப்பொடியும்

ஓரகத்தி கெட்டவளாக அமைந்துவிட்டால் ஒரு கவலையும் இல்லை. தாராளமாகத் திட்டலாம், அம்மா வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தலாம், நாலு பேர் "ஐயோ பாவம்" என்பார்கள். நல்லவளாக அமைந்துவிட்டால் போச்சு. எனக்கு அமைந்தவள் நல்லவள். பெயர் செல்வி, என் கொழுந்தனாரின் மனைவி. அவள் இந்த வீட்டு வாசப்படி ஏறிய நாளிலிருந்து நான் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன் என்பதை இன்றைக்குத்தான் எழுதி ஒப்புக்கொள்கிறேன். (வாயால் ஒப்புக்கொண்டது கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.)

நான் பாகூர்ப் பக்கம். அப்பாவுக்கு நெல்லும் கரும்பும். எம்.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். காதலித்துக் கட்டிக்கொண்டது கடலோரக் குப்பத்துக்காரரை. படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர். "படிச்ச மருமவ வந்துருக்கா" என்று குப்பமே என்னைப் பார்க்க வந்தது. அந்த மரியாதை சரியாக இரண்டு வருஷம் நீடித்தது. பிறகு கொழுந்தனாருக்குக் கனகசெட்டிக்குளத்திலிருந்து செல்வியைக் கட்டி வைத்தார்கள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அன்னக்கூடையில் மீனைத் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய் விற்பவள். அவள் வாயைத் திறந்தால் தெருவே சிரிக்கும். நான் வாயைத் திறந்தால் என் மாமியார் "ஆங், சரிம்மா" என்பார். அவ்வளவுதான். வீட்டில் எதற்கெடுத்தாலும் "செல்வி, இத பாரு", "செல்வி வரட்டும், கேட்டுக்கலாம்". நான் என்ன சுவரா?

இதில் இன்னொரு கொடுமை. என்னை மீன் பக்கமே விட மாட்டார்கள். "டீச்சர் கையி, நாறப்போவுது" என்று அருவாமனையைப் பிடுங்கிக்கொள்வார் மாமியார். மரியாதை என்று நினைத்து நானும் ஒதுங்கிவிட்டேன். விளைவு, எனக்கு மீனை இரண்டே நிலையில்தான் தெரியும். ஒன்று, ஆய்வுக்கூடத்து பாட்டிலில் மிதக்கும் மீன். இன்னொன்று, தலையும் செதிலும் போய்க் குழம்பில் கிடக்கும் மீன். இடையில் அது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. (நானும் கேட்கவில்லை. கேட்டால் செல்வியைத்தானே கேட்க வேண்டும்?)

போன சட்டமன்றத் தேர்தல் வந்தது. கோடையில் இரண்டு மாசம் மீன் முட்டை போடும் காலம் என்று கடலுக்குப் போகத் தடை போடுவார்கள். அந்தத் தடைக்காலம் தொடங்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சின்னக் கண்ணி வலையால் மீன் குஞ்செல்லாம் அழிகிறது என்று ஒரு கட்சி, வலையைத் தடை செய்தால் குப்பம் பட்டினி கிடக்கும் என்று ஒரு கட்சி, ஆமையைக் காப்பாற்றணும் என்று ஒரு கட்சி. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "தனித்தனியா வந்து கும்பிடு போடற வேலையே வேணாம். மூணு பேரும் ஒரே மேடையில ஏறுங்க. ஊரு கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். இடம், மீன் ஏலக் கொட்டகை. ஊர் சார்பில் ஆண்களில் ஒருவர் பேசுவார், பெண்களில் ஒருவர் பேசுவார்.

பெண்களில் யார்? எனக்குச் சந்தேகமே வரவில்லை. விலங்கியல் படித்தவள் குப்பத்தில் நான் ஒருத்திதான். தலைவர் எங்கள் வீட்டுப் பக்கம் நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் தலையை வாரிக்கொண்டேன், பவுடர் போட்டேன், ஒரு புத்தகத்தையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வாங்க தலைவரே."

"டீச்சர், நல்லா இருக்கியாம்மா? செல்வி இல்ல? பொம்பளைங்க சார்பா அதுதான் பேசணும்னு எல்லாரும் சொல்றாங்க."

வயிறு பற்றி எரிந்தது என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரியும். கையில் இருந்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பதைக்கூட அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

இப்போது என் வாழ்க்கையின் மிகக் கேவலமான காரியத்துக்கு வருகிறேன். செல்வி மார்க்கெட்டிலிருந்து வந்ததும் தேன் ஒழுகப் பேசினேன். "நீ கவலப்படாத செல்வி. என்ன பேசணும்னு நான் எழுதித் தரேன்."

"ஐய, நெசமாவாக்கா? எனக்கு அதான் பயமா இருந்திச்சு."

மூன்று பக்கம் எழுதினேன். என் தமிழறிவு முழுவதையும் கொட்டி எழுதினேன். முதல் வரியே இப்படி: 'நெய்தல் நிலத்தின் நெடுநாள் உயிர்ப்பொருளாம் கடல்வாழ் சிற்றுயிர்களின் பல்லுயிர்ச் சமநிலை சீர்குலையும் இக்காலகட்டத்தே...' எட்டாவது படித்தவள் இதில் நாலாவது சொல்லிலேயே விழுந்து எழுந்திருக்க மாட்டாள் என்பது என் கணக்கு. அவள் தடுமாறுவாள், ஊர் முழிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் எழுந்து மைக்கை வாங்குவேன். மூன்று பக்கத்தையும் மனப்பாடம் செய்தேன். வயலட் நிறச் சேலையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

அதோடு விட்டேனா? சாட்சி வேண்டும் என்று தோன்றியது. கூட்டத்தன்று காலையில் பின்கட்டில் செல்வியின் அன்னக்கூடை இருந்தது. உள்ளே வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு, தட்டையாக, என் கட்டைவிரல் நீளத்துக்கு மீன்கள். அடடா, குஞ்சுகள்! சின்னக் கண்ணி வலையின் கொடுமைக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அதுவும் செல்வியின் கூடையிலேயே! இரண்டு கை அள்ளி எவர்சில்வர் தட்டில் போட்டு, வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டேன்.

ஏலக் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. மேடையில் மூன்று வேட்பாளர்கள். ஒருவர் பட்டு வேட்டி, ஒருவர் கறுப்புக் கண்ணாடி, மூன்றாமவர் சட்டையில் ஆமைப் படம் குத்திக்கொண்ட இளைஞர். முன்வரிசையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா, தன் வீட்டு நாற்காலியையே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்.

செல்வியைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். பேப்பரை விரித்தாள். பார்த்தாள். அவள் சிரித்தபடி பேப்பரை மடித்தாள். "இது எங்க அக்கா எழுதனது. எனக்கு இம்மாம் படிப்பு ஏது? அவங்களே பேசட்டும்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நினைத்தது அப்படியே நடந்தது. ஆகாயத்தில் மிதந்தேன். மூன்று பக்கத்தையும் ஏற்ற இறக்கத்தோடு முழங்கினேன். ஒருவர் இருமினார், அவரையும் முறைத்தேன். கடைசியில் வாழையிலையை நீக்கித் தட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

"பாருங்கள் இந்தப் பிஞ்சுகளை! கண் திறக்கும் முன்னே வலையில் சிக்கிய சிசுக்கள்! இவற்றை வளரவிட்டிருந்தால் நாளை எவ்வளவு பெரிய மீன்களாகியிருக்கும்?"

குப்பம் சத்தமே இல்லாமல் இருந்தது. மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பட்டு வேட்டி எழுந்தார். "டீச்சரம்மா என் கண்ணத் தொறந்துட்டாங்க. நான் ஜெயிச்சு வந்தா, இந்தக் கொழந்த மீனப் புடிக்கத் தடை!"

கறுப்புக் கண்ணாடி விடுவாரா? "வெறும் தடை எதுக்குங்க? புடிக்கிற படகையே பறிமுதல் பண்ணுவோம்!"

ஆமைப் படம் துள்ளிக் குதித்தார். "விக்கிறவங்க மேலயும் கேஸ் போடணும்!"

ஏலக் கொட்டகை என்பதாலோ என்னவோ, மூன்று பேரும் மாறி மாறி ஏலம் ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சொல்தா தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "மோந்தியே, கடவுளே! கொழந்தயா? ஏம்மா, அது காரப்பொடி! அதுக்கு மேல அது வளரவே வளராது!"

அவ்வளவுதான். கொட்டகை இரண்டாகிவிட்டது. "எங்க வீட்டு அன்னாடக் கொழம்புல மண்ணள்ளிப் போடறியா டீச்சர்!" என்று ஒரு குரல். "யாரு படகப் பறிமுதல் பண்ணுவ? எறங்கி வாய்யா!" என்று இன்னொரு குரல். மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி என் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் வயிற்றைக் கிழித்துக் காட்டினாள். உள்ளே மஞ்சளாகச் சினை.

"இந்தா டீச்சர், பாத்துக்க. உன் கொழந்த முழுகாம இருக்குது!"

எம்.எஸ்சி. விலங்கியல். முதல் வகுப்பு. மீன் இனப்பெருக்கம் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவள். தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாளைக்கு இந்தத் தெருவில் எப்படி நடப்பேன் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மைக்கை யாரோ என் கையிலிருந்து மெதுவாக எடுத்தார்கள். செல்வி.

"கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க. எங்க அக்காவுக்கு காரப்பொடி தெரியாதா? ஒன்பது வருசமா தின்னுகினு இருக்குது. டீச்சரில்ல? பரீட்ச வெச்சிது. இவங்க மூணு பேருக்கும் மீனு தெரியுதான்னு பாத்துது. ஒருத்தராவது பாஸ் பண்ணாங்களா, சொல்லுங்க!"

கொட்டகையின் தகரம் அதிரச் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. தாத்தா "பிராவோ டீச்சர்!" என்று தடியால் தரையைத் தட்டினார்.

செல்வி நிறுத்தவில்லை. தட்டைக் கிளறி, நீளமாக ஒரே ஒரு மீனைத் தேடி எடுத்தாள். "இது ஒண்ணுதான் இதுல குஞ்சு. வஞ்சரக் குஞ்சு. தப்பா வலையில ஏறிடுச்சு. இத விட்டிருந்தா கைநீளம் வளந்துருக்கும். எது குஞ்சு, எது கெழவின்னு தெரியாம மேடையில நின்னு சட்டம் போடாதீங்க, எங்கள கேட்டுட்டுப் போடுங்க. சினையோட இருக்கற நேரத்துல கடல மூடணும்னு நாங்களே சொல்றோம். மூடுங்க. பெரிய படகு ஒண்ணுகூடத் திருட்டுத்தனமாப் போவாம மூடுங்க. ஆனா அந்த ரெண்டு மாசம், மீன் கூடை தூக்கற பொம்பளைங்க எங்களுக்கு இன்னா வழி? அத மொதல்ல சொல்லுங்க."

அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த மூன்று பேரில் யாரையும் மேடையை விட்டு இறங்க விடவில்லை எங்கள் பெண்கள். என்னைத் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார் தலைவர். "பலே டீச்சர், நல்லா வெச்சம்மா பரீட்ச!"

வீட்டுக்குத் திரும்பும்போது கடற்கரையோரம் நானும் செல்வியும் மட்டும் பின்தங்கி நடந்தோம்.

"என்ன ஏன்டி காப்பாத்துன?"

"இன்னாக்கா கேள்வி இது? நம்ம வீட்டு ஆள விட்டுக் குடுப்பாங்களா?"

"இல்ல செல்வி... அந்தப் பேச்சு... அதுல..."

"நல்லா எழுதியிருந்தக்கா" என்றவள், கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நெய்தல் நிலத்தின் நெடுநாள் உயிர்ப்பொருளாம் கடல்வாழ் சிற்றுயிர்களின் பல்லுயிர்ச் சமநிலை..." ஒரு எழுத்து பிசகவில்லை. ழகரம் என்னுடையதைவிடச் சுத்தம்.

நான் நின்றுவிட்டேன். "அப்புறம் ஏன்டி என்னைப் பேசச் சொன்ன?"

"நீ அந்த சேலைய ரெண்டு தடவ இஸ்திரி போட்டத பாத்தேன்க்கா. பேசணும்னு உனக்கு அம்மாம் ஆச. நான் பேசி இன்னா ஆவப்போவுது?"

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் நான் மனம் திருந்தி, கண்ணீர் விட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வந்தது சுத்தமான ஆத்திரம். சமையல் போச்சு, பேச்சு போச்சு, ஊர் மரியாதை போச்சு. நல்ல மனசாவது எனக்கு மிஞ்சும் என்று பார்த்தால், அதிலும் இவள்தான் முதலிடமா? சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டதும் அவள்தான்.

வீட்டில் அந்தப் "பரீட்சை" இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. சாம்பாரில் உப்பில்லையா? "பேசாம சாப்புடுங்க, டீச்சர் பரீட்ச வெச்சிருக்காங்க" என்பார் என் வீட்டுக்காரர். வண்டிச் சாவியைத் தொலைத்தேனா? "நமக்குத் தேடத் தெரியுதான்னு பாக்கறாப்பா" என்று மாமியார். என் மகள் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வந்து, "மிஸ்ஸுக்கு திருத்தத் தெரியுதான்னு பாத்தேம்மா" என்றபோது, அடிக்கக் கை ஓங்கிவிட்டுச் சிரித்துத் தொலைத்தேன். ஊர் மட்டும் இன்னும் நிஜமாகவே நம்புகிறது. எங்கே பார்த்தாலும் "கெட்டிக்கார டீச்சர்" என்கிறார்கள். அந்தப் பாராட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும், அதனால் ஒரு வாய்கூட இனிக்கவில்லை.

இந்தத் தேர்தலுக்கும் தலைவர் வந்தார். திண்டாட்டம் எதுவும் வேண்டாம் என்று நான் பவுடர் போடவில்லை, புத்தகம் எடுக்கவில்லை, உள்ளேயே இருந்தேன். அவர் என்னைத்தான் கூப்பிட்டார். "டீச்சர், இந்தத் தடவ நீதாம்மா பேசணும். அன்னிக்கு வெச்ச மாதிரி ஒரு பரீட்ச வெச்சி உட்டுடு. செல்வி, நீ வழக்கம்போல தொணைக்கி இரு."

"அக்காவ உட்டா வேற யாரு இருக்காங்க தலைவரே" என்றாள் செல்வி. சொல்லிக்கொண்டே டீ டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். ணங்கென்று ஒரு சத்தம். டீ பாதி சிந்தியது. முகம் உர்ரென்று இருந்தது.

எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? இத்தனை வருஷம் அதே அடுப்படியில் நான் வைத்த டம்ளர்கள் எத்தனை! இவளுக்கும் எரிகிறது. இவளுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"ஐய, இன்னாக்கா, உடு" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.