தால்மோட்டுக்கு முளைத்த கொம்பு

இந்தூர் சம்பந்தி மாங்கிலால்ஜி அவர்களுக்கு, ஆக்ரா தோதாராம் கைகூப்பி ராம் ராம் சொல்லி எழுதுவது. முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். மேற்கோட்டைப் பிடித்துத் தொங்க வேண்டிய இந்தி எழுத்துகள் சில கீழே விழுந்து கிடக்கும், பொறுக்கியெடுத்துப் படியுங்கள். முதியோர் வகுப்பில் சேர்ந்தபின் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. மன்னிப்புக் கடிதமாகப் போய்விட்டது. ஆனாலும் எழுதச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தாங்கள் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதைக் கேட்டு, என் மனைவி சம்பா, பருப்பை ஊறவைத்துப் பொரித்து, மெல்லிய ஓமப்பொடியும் முலாம்பழ விதையும் மிளகும் கலந்து ஒரு டப்பா நிறைத்தாள். மேலே பெயர் எழுதுவேன் என்று அடம்பிடித்தவன் நான்தான். தால்மோட் என்று எழுத வேண்டும். ஆர்வத்தில் தலைக்கு மேல் ஒரு கொம்பு கூடுதலாகப் போட்டு, கடைசி எழுத்தையும் மாற்றிவிட்டேன். மோட் மௌத் ஆகிவிட்டது. மோட் பயறு இருந்த இடத்தில் மௌத், அதாவது சாவு. 'தால் மௌத், மாங்கிலால்ஜிக்கு' என்று தங்கள் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து பொழைச்சு வந்த மனுஷனுக்கு உங்கப்பா சாவை டப்பாவுல அடைச்சு அனுப்பியிருக்கார் பாத்தியா" என்று சம்பந்தியம்மா கேட்டதாகவும், சிராவண மாதம் பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போய் ஆடும் ஊஞ்சல் இந்த வருஷம் கிடையாது என்று சொல்லிவிட்டதாகவும் என் மகள் குசும் போனில் அழுதாள். இங்கேயும் ஆறுதல் இல்லை. "இத்தனை வருஷம் கைநாட்டு வெச்சீங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. எழுதக் கத்துக்கிட்டு முதல் வார்த்தையிலேயே சம்பந்தியைக் கொன்னுட்டீங்க" என்கிறாள் சம்பா. வேப்பமரத்தில் கட்டிய ஊஞ்சலை அவிழ்க்கவும் விடமாட்டேன் என்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டேன் என்கிறாள்.

ஆகையால் சம்பந்தி, தாங்கள் நூறாண்டு இருக்க வேண்டும். கிராம்பு மணக்கும் இந்தூர் சேவுக்கு முன்னால் எங்கள் தால்மோட் நிற்காது என்று தாங்கள் கல்யாணப் பந்தியில் சொன்னபோது எழுந்து போனவன் நான். கடுகெண்ணெய் விட்ட வங்காள மிக்சர் சனாசூர்தான் உசத்தி என்று சொன்னதற்காகக் கல்கத்தாத் தம்பியோடு பேச்சையே விட்டவன். இன்று என் கைப்பட எழுதுகிறேன்: இந்தூர்தான் உசத்தி. பெண்ணை மட்டும் அனுப்பிவையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள்,
தோதாராம்

பின்குறிப்பு: இதை மடிப்பதற்குள் குசும் ரிக்ஷாவில் வந்து இறங்கிவிட்டாள். மாமியார் அசந்த நேரம் பார்த்துத் தாங்கள் டப்பாவைத் திறந்ததாகவும், காலி டப்பாவை அவள் கையில் கொடுத்து, "மௌத் தீர்ந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லும்மா. போய் இன்னொரு டப்பா வாங்கிட்டு வா" என்று அனுப்பிவைத்ததாகவும் சொன்னாள். எனவே இந்தூர் உசத்தி என்று மேலே இருப்பதைத் தாங்களே அடித்துவிடுங்கள். எழுதப் பட்ட பாட்டுக்கு, அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சண்டை எதுவும் இல்லாவிட்டாலும் எழுதுவேன்.