ஓர் அண்டா வெந்நீர்

உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஊரே சொல்லும். எப்போது பார்ப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நான் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தில், தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊறி, வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக ஒரு மலையையே ஓடவைத்தேன் என்பதுதான் நான் செய்த குற்றம்.

எழுபதுகளில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். நான் கொழுந்து எடுப்பவள். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை. மூன்று பிள்ளைகள், இரண்டு கொழுந்தன்கள். தீபாவளிக்கு ஆறு தலைக்கும் எண்ணெய் வைத்து முடித்தால், என் தலைக்குக் கிண்ணத்தைத் துடைத்த விரல்தான் மிஞ்சும். வெந்நீரும் தீர்ந்திருக்கும். (அந்த ஊர்ப் பச்சைத்தண்ணீரில் குளித்தால் பல் மட்டும் தனியாக ஆடும்.) அம்மா போடியிலிருந்து எனக்கென்றே கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய் பாட்டில் ஆறு மாதமாகப் பலகைமேல் இருந்தது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது நான் அதைப் பார்ப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும். அழுகை வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை துணிந்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலமே குழாயில் தண்ணீர் பிடித்து அண்டாவை நிரப்பினேன். காலையில் பேர் பதியும் மஸ்டரில் கங்காணி முன்னால் போய் முனகினேன்.

"காச்சலா இருக்குண்ணே. நிக்க முடியல."

"ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கிட்டு வீட்டுல போய்ப் படு, போ பேச்சி" என்றார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மலையாளத்துக் கம்பவுண்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காச்சல் ஒண்ணும் இல்லா. க்ஷீணமாணு. போயிக் கிடந்து உறங்கு" என்று ஒரு நாள் சீட்டு எழுதினார். நான் களைத்திருப்பதை அதுவரை என்னிடம் யாருமே சொன்னதில்லை. வழியெல்லாம் அந்தச் சீட்டை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகள் பள்ளியிலும் காப்பகத்திலும். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. அடுப்பில் அண்டாவை ஏற்றி, ஈர விறகைத் திணித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சாக்கு கட்டிய மறைப்புக்குள் போனேன். பழைய பாவாடையோடு உட்கார்ந்து பாட்டிலைத் தலையில் கவிழ்த்தேன். (கஞ்சத்தனம் வேண்டாம் என்று முழுசும்!) எண்ணெய் நெற்றியில் இறங்கியது, கழுத்தில் இறங்கியது. முதுகில் இளவெயில். ஐயோ, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்!

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. வேலை நேரத்தில் லயத்தில் எந்த அடுப்பும் எரியாது. மேலே காட்டில் கொழுந்து எடுக்கிற எல்லாருமே கீழே ஒரு கண் வைத்திருப்போம். புகை தெரிந்தால் எவளோ அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டாள் என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம். நானே இரண்டு முறை ஓடியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் வீட்டு ஓட்டுக்கு மேலே ஈர விறகுப் புகை கோபுரமாக எழுந்து நின்றது.

"தீ! தீ!" என்று சத்தம் கேட்டது. கண்ணெல்லாம் எண்ணெய். "ஐயோ, யாரு வீடு?" என்று நானும் சேர்ந்து கத்தினேன்.

"பேச்சி வீடுதான்! காச்சக்காரி உள்ள மயங்கிக் கெடக்கா!"

முப்பது பெண்களும் கங்காணியும் மலையிலிருந்து உருண்டு வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"அந்த அண்டாவக் கவுத்துங்கட்டி!"

"வேண்டாம்! அத மட்டும் தொடாதீங்க!" என்று சாக்குக்குப் பின்னாலிருந்து அலறினேன்.

"காச்சல்ல பெனாத்துதா, பாவம்" என்றாள் பக்கத்து வீட்டு மாரியக்கா. சொல்லிக்கொண்டே கவிழ்த்தாள்.

சர்ர்ர் என்றது அடுப்பு. என் ஆறு மாதமும் சாம்பலோடு சேர்ந்து வாசற்படி வழியாக ஓடியது. எண்ணெய் சொட்டச் சொட்ட நான் வெளியே வந்தேன். கங்காணி சட்டென்று திரும்பி நின்றுகொண்டார்.

"ஏ புள்ள, இதுதான் ஒன் காச்சலா?" என்றார்.

அவ்வளவுதான், மலையே சிரித்தது. குழாயில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும். அன்றைக்குப் பார்த்து அதுவும் வரவில்லை. மறுநாள் அதே எண்ணெய்த் தலையோடு கொழுந்து எடுக்கப் போனேன். (அந்த வாரத் தேயிலையைக் குடித்த சீமைத்துரை, இதிலென்ன எள்ளு வாசம் என்று கேட்டிருப்பான்.)

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்காரர் திட்டுவார் என்று பயந்திருந்தேன். அவர் பலகைமேல் இருந்த காலி பாட்டிலை எடுத்துப் பார்த்தார்.

"ஏட்டி, என்கிட்ட சொல்லியிருந்தா நான் சுட வச்சிக் குடுத்திருப்பேன்லா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு புள்ள பெத்த பொறவும் நான் சொன்னாத்தான் தெரியுமோ ஒங்களுக்கு?" என்றேன். அவரோ மறுநாள் மஸ்டரில் எல்லார் முன்னாலும் போய் நின்று, "ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல பொக வரும். ஒருத்தரும் ஓடி வராதீங்க" என்று அறிவித்துவிட்டார். மானம் கப்பலேறியது. சொன்னபடி தண்ணீரும் காய்ச்சினார். எண்ணெய்தான் இல்லை.

அதன்பிறகு லயத்தில் எவளாவது தனக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால், "இன்னைக்கு எங்க வீட்டுல பொக" என்பாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் இன்றும் லீவு போட்ட நாளில் ஃபோனில் அதையே சொல்லிச் சிரிப்பாள்.

"நல்லா ஊறிக் குளிட்டி. எவ வந்து தட்டுனாலும் கதவத் தொறக்காத" என்பேன் நான்.

அதன்பின் எத்தனையோ முறை எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறேன். இப்போது என் வீட்டிலும் சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். ஆனாலும் ஃபோனை வைத்ததும் மனசு அந்தச் சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்குத் தண்ணீர் பதத்துக்கு வர இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது.