எண்ணெய்க் கிணற்றை விரட்ட வந்த டீசல் பம்ப்

படித்த பிள்ளை வேலை இல்லாமல் வீட்டில் இருப்பது குடும்பத்துக்கு ஆபத்து. எலெக்ட்ரிகல் முடித்துவிட்டு, கடலாடிப் பக்கம் எங்கள் ஊரில் மூன்று வருடம் அந்த ஆபத்தாக இருந்தவள் நான்.

எங்கள் மிளகாய்க் காட்டில் எண்ணெய்க் கிணறு தோண்ட ஏதோ கம்பெனிக்காரர்கள் வந்து அளந்து, கொடி நட்டுவிட்டுப் போனார்கள். அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மனு மேல் மனு கொடுத்தார். ஒருவரும் மதிக்கவில்லை. அப்போது பார்த்துத் தேர்தல் வந்தது.

"செயிக்கல்லாம் வேணாம் தாயி. நம்மூருப் பூத்துல நூறு ஓட்டு விழுந்தாப் போதும். ஊரே வேணாங்குதுன்னு கலெக்டர்ட்ட காட்டி நிப்பாட்டிருவேன்" என்று சுயேச்சையாக நின்றார். கொள்கையும் சுருக்கம்தான்: விளைநிலத்தில் எண்ணெய் எடுக்கக் கூடாது, பள்ளிக்கூடக் கூரைகளில் சோலார் போட வேண்டும்.

விண்ணப்பம் நிரப்பியது நான். சின்னத்துக்கு மூன்று விருப்பம் கேட்டிருந்தார்கள். முதலில் மிளகாய், அடுத்து தென்னந்தோப்பு, மூன்றாவது டீசல் பம்ப். (வயலில் தண்ணீர் இறைக்கிற பம்புதான். விவசாயி அடையாளமாம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.) மூன்றாவது வரைக்கும் எங்கே போகப்போகிறது என்ற தெனாவட்டு வேறு.

மிளகாய் குலுக்கலில் வேறொருவருக்குப் போனது. தென்னந்தோப்பும் அப்படியே. அய்யாவுக்கு டீசல் பம்பை ஒதுக்கினார்கள்.

அதற்குப் பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆட்டோவில் மைக்கைக் கட்டி நானே முழங்கினேன்: "எண்ணெய்க் கிணற்றை விரட்டியடிக்க, டீசல் பம்ப் சின்னத்தில் வாக்களியுங்கள்." டீக்கடையில் இருந்தவர்களுக்குப் புரையேறியது.

பக்கத்துக் காட்டுக்காரர் முனியசாமி மாமா ஆட்டோவை மறித்தார். "ஏத்தா, ஒங்கய்யாவ எலெக்சன்ல நிப்பாட்டுனதே அந்தக் கம்பெனிக்காரந்தானாமுல்ல?"

"அது தண்ணி எறைக்கிற பம்பு மாமா."

"தண்ணியிலயா ஓடுது? டீசல்லதான ஓடுது?"

ஆட்டோவை அடுத்த தெருவுக்கு விடச் சொன்னேன். (பரீட்சையில் சோலார் பம்ப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள்.) சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அய்யா கம்பெனி ஆள் ஆகிவிட்டார். அவர் கொடுத்த நோட்டீசை அவர் கண் முன்னாலேயே மடித்து வடையின் எண்ணெயைப் பிழிந்தார்கள். மனுஷர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

எங்கள் பூத்தில் விழுந்தது மூன்று ஓட்டு. அதை எடுத்துக்கொண்டு கலெக்டரிடம் எந்த முகத்தோடு போவது? போகவில்லை.

ஆனால் வீட்டில் அய்யா, அம்மா, அண்ணன், நான் என்று ஓட்டு நாலு. அம்மா அண்ணனைச் சந்தேகப்பட்டாள். அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டான். நான் குலசாமி மேல் சத்தியம் செய்தேன். ஒரு வாரம் இதே சண்டை. கடைசியில் ஒரு மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டே அய்யா சொன்னார்.

"எண்ணெ வேணாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, அங்கன போயி டீசல் பம்ப அமுக்க மனசு வரல தாயி. நான் வேற எதையோ அமுக்கிட்டு வந்துட்டேன்."

இப்போதும் வீட்டில் கரண்டி காணாமல் போனாலும் சரி, செருப்பு காணாமல் போனாலும் சரி, "அந்த நாலாவது ஓட்டு எங்கடி போச்சு?" என்பாள் அம்மா. எல்லோரும் சிரிப்போம். அய்யாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு, காட்டுப் பக்கம் கிணறு தோண்டுகிற சத்தம் கேட்காமல் இருக்க டிவியைக் கூட்டி வைப்பார்.