சொட்டாத வண்டி

லாரிக்கு அடியில் மறுபடியும் ஆயில் சொட்டியிருந்தது. லாரிக்காரர் குனிந்து அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற சகலையின் லாரிக்கு அடியில் பார்த்தார். துடைத்துவிட்டது போலத் தரை! அவருக்கு வயிறு எரிந்தது.

அக்காவை இவரும் தங்கையை அவரும் கட்டியிருந்தார்கள். இருவருக்கும் ஒரே முதலாளி. பொறாமைக்கு இதைவிட நல்ல உரம் உண்டா, சொல்லுங்கள். போதாக்குறைக்கு, வண்டியை நன்றாக வைத்திருப்பவருக்கே புது லாரி என்று முதலாளி சொல்லியிருந்தார். நாளைக் காலை பார்க்க வருகிறார்.

நேற்றுகூட மச்சினி வந்திருந்தாள். "ஒரு மாசமா எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில சோறு போட்டுச் சாப்பிடலாம் அத்தான்!"

"நம்ம வண்டிக்கு அடியில பொரிச்சே சாப்பிடலாம்," என்றாள் மனைவி.

லாரிக்காரர் மெக்கானிக்கைப் பிடித்தார்.

"இன்ஜின் விடுற மூச்சுண்ணே அது," என்றார் மெக்கானிக். "பிரீதர் குழாய் வழியா ஆயில் ஆவி வந்து, குளிர்ந்து சொட்டுது. ஒரு வடிகட்டி மாட்டணும். அடுத்த வாரம் வந்துடும்."

"அவன் வண்டி மட்டும் மூச்சே விடாதா?"

மெக்கானிக் குனிந்து ஸ்பேனரைத் துடைத்தார்.

லாரிக்காரர் குழாயின் முனையில் ஒரு டப்பாவைக் கட்டினார். முதல் மேட்டிலேயே டப்பா கவிழ்ந்து, பின்சக்கரம் வரை ஆயில். குழாயில் ரப்பர் டியூபைச் செருகி மேலே திருப்பிவிட்டார். ஆவி நேராக கேபினுக்குள் வந்தது.

திரும்பி வந்தால், வழக்கம்போல் சகலையின் வண்டி அவருக்கு முன்னாலேயே அங்கே நின்றது. சகலை துணியால் அதைத் தேய்த்துக்கொண்டே, ஆயிலில் பளபளவென்று இறங்கிய இவரை ஒரு பார்வை பார்த்தார். என்ன கர்வம்!

"உங்களைப் பிழிஞ்சா ஒரு வாரம் விளக்கெரிக்கலாம்," என்றாள் வீட்டில் மனைவி.

மறுநாள் காலை லாரிக்காரர் பழைய துணியை முறுக்கிக் குழாய்க்குள் திணித்தார். வண்டியைக் கிளப்பினார். ஒரு சொட்டு விழவில்லை. சகலையைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

தடவி முடிப்பதற்குள் ஆயில் அளக்கும் கம்பி துள்ளி வெளியே விழுந்தது. இன்ஜினின் இண்டு இடுக்கெல்லாம் ஆயில் பீறிட்டது. மெக்கானிக் ஓடிவந்து வண்டியை அணைத்துத் துணியைப் பிடுங்கினார்.

"மூக்கையும் வாயையும் பொத்தினா எது வழியாண்ணே மூச்சு விடும்? நல்லவேளை, இன்ஜின் பிழைச்சுது!"

லாரிக்காரர் ஆயிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு, புது வண்டி அவனுக்குத்தான். அங்க பாரு, எப்படிப் பார்க்கிறான்! அவன் வண்டியில ஒரே ஒரு சொட்டு விழுந்தாப் போதும், என் வயித்தெரிச்சல் அடங்கிடும்."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிண்ணே விழும்? போன மாசம் அவரும் இதே மாதிரி துணியைத் திணிச்சாரு; இன்ஜின் போயி, கழட்டி என் ஷெட்டுல கெடக்கு. நீங்க சொட்டச் சொட்டவாவது வண்டியை ஓட்டிட்டு வந்து இறங்குறதைப் பார்த்துத்தான் தினமும் வயிறெரிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு!"