புல் முளைத்த ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கழுகுக் கண் என்று ஒரு வருடம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அதை முதுகில் அச்சடித்து டீ-சர்ட் போட்டேன். அதை வைத்து அப்பாவிடம் பந்தயமும் கட்டினேன். இப்போது நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கக் கத்தித் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்து, பள்ளி வேலையை இணையத்தில் ஏற்ற உட்கார்ந்தால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. எழுதித் தீர்த்துவிட்டால் விட்டுப் போகுமோ என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு கிள்ளானில். வேலை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டியவர் என் அப்பா. ஆக, காலையில் அப்பா முகம், மாலையில் அப்பா முகம், நடுவில் சூப்பர்வைசர் முகம். இந்த முகங்களிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே விடுதலை ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம்.

ஆட்டம் என்றால் இணையத்தில் ஆடும் துப்பாக்கிச் சண்டை. ஒரு தீவில் பல குழுக்களை இறக்கிவிடுவார்கள். ஒருவரையொருவர் சுட்டுத் தீர்த்து, கடைசிவரை உயிரோடு இருக்கும் குழு ஜெயிக்கும். எங்கள் குழுவில் நாலு பேர். தலைவர் சுரேஷ் அண்ணன், காப்பாரில் லோரி டயர் கடை வைத்திருந்தவர். மற்ற இருவரும் அம்பாங்காரர்கள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஹெட்போனில் கேட்கும் குரலோடு சரி.

அந்த ஆட்டத்துக்கு நல்ல வேகமான கம்ப்யூட்டர் வேண்டும். என்னிடம் இருந்ததோ காலேஜ் அசைன்மெண்ட் செய்ய வாங்கிய பதினோரு அங்குல லேப்டாப். (எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டே அதைவிடப் பெரிசு.) அதற்குத் தெரிந்த வேலை இரண்டு: டைப் அடிப்பது, சூடாவது. ஆட்டத்தைத் திறந்தாலே மூச்சு வாங்கும். வலது பக்கம் திரும்பு என்று பட்டனைத் தட்டிவிட்டு, போய்த் தண்ணீர் குடித்து வந்தால், அப்போதுதான் பாதி திரும்பியிருக்கும். அதற்குள் என்னைச் சுட்டவன் ரொட்டி சானாய் சாப்பிடப் போயிருப்பான்.

சூட்டுக்கு வைத்தியம் சமையலறையில் கிடைத்தது. இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டால் லேப்டாப் அந்த மேடுகளின் மேல் ஆடாமல் உட்காரும். பக்கத்தில் ஸ்டாண்ட் ஃபேனை வைத்தால் ஓட்டை வழியாகக் காற்று போய் அடிப்பக்கம் குளிரும். என்ன ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இட்லி நின்றுபோனது. அம்மா வாசலில் நின்று, "சண்டை முடிஞ்சா தட்டைக் குடு தாயே" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வேகத்துக்கு வைத்தியம் இணையத்தில் கிடைத்தது. என்னைப் போன்ற வக்கற்றவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் செட்டிங் ஃபைல் ஒன்றை ஏற்றி வைத்திருந்தார். அதை ஆட்டத்துக்குள் போட்டால் நிழல், வெளிச்சம், கடலலை எல்லாவற்றையும் அணைத்துவிடுமாம். அந்த "எல்லாவற்றை"யில் என்னென்ன அடங்கும் என்று கீழே நீளமாக ஒரு பட்டியல் இருந்தது. நான் படிக்கவில்லை. படிக்காமல் போட்டேன். தீவு முழுக்கக் காய்ந்த சப்பாத்தி நிறமாகிவிட்டது. மரத்தில் இலை இல்லை. ஆட்கள் எல்லாரும் தீப்பெட்டி தீப்பெட்டியாக நடந்தார்கள். ஆனால் லேப்டாப் ஓடியது!

அன்றிலிருந்துதான் நான் கழுகு ஆனேன்.

என்ன நடந்ததென்றால், எதிரிகள் பொட்டல் தரையில், வெட்டவெளியில், குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். ஆடமாட்டார்கள், அசையமாட்டார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒளிந்துகொள்ளக்கூடத் தெரியாத இந்த ஜென்மங்கள் எதற்கு விளையாட வருகின்றன என்று நினைப்பேன். அண்ணனிடம் இடதுபக்கம் பத்தடியில் ஒருத்தன் படுத்திருக்கிறான் என்பேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்பார் அவர். நான் சொன்ன இடத்தில் சுடுவார். ஆள் விழுவான். "என்னா கண்ணு லா உனக்கு!" என்பார். இப்படி ஞாயிறு தவறாமல் நடந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது?

சில சமயம் அவர்கள் புல்லுமேடு, புல்லுமேடு என்று பேசிக்கொள்வார்கள். என் திரையில் புல்லும் இல்லை, பூண்டும் இல்லை. நான் சந்தேகப்படவில்லை. கிள்ளானில் புக்கிட் திங்கி என்று ஒரு இடம் இருக்கிறது, மலாயில் உயரமான மலை என்று அர்த்தம், அங்கே போய் யாராவது உயரமான மலை எங்கே என்று தேடுகிறார்களா? அது போல இதுவும் ஒரு பெயர் என்று விட்டுவிட்டேன்.

இந்த நிலையில்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் போட்டி வந்தது. ஜெயிக்கும் குழு மாநில அணிக்குப் போகும். சொந்த லேப்டாப் கூடாது, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெரிய கம்ப்யூட்டரை அவர்களே வைப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த டப்பாவிலேயே நான் கழுகு என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் என்னவாக இருப்பேன்!

அப்பா அப்போது ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடச் சொல்லி ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தார். எனக்கு டீச்சர் வேலை என்றாலே அலர்ஜி. அதைவிட, உண்மையைச் சொன்னால், அந்த நாலு பேர் குழுவில் மட்டும்தான் என்னை யாராவது கெட்டிக்காரி என்று சொன்னார்கள். வேறெங்கும் யாரும் சொன்னதில்லை. அப்பாவும் ஒருநாள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. ஆகவே ஒரு சாயங்காலம், பஸ்ஸில் எல்லாரும் இறங்கிய பிறகு, வாயைக் கொடுத்தேன்.

"ஜெயிச்சா நீங்க இனிமே டீச்சர் பேச்சையே எடுக்கக் கூடாது. தோத்தா திங்கக்கிழமையே நான் மனுப் போடறேன்."

அப்பா பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "சொன்ன சொல் மாற மாட்டியே?"

மாட்டேன் என்றேன். (அந்தப் பெண்ணை இப்போது பார்த்தால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பேன்.)

போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை, கம்ப்யூட்டர்களைப் பழகிப் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற மூவரும் போனார்கள். எனக்கு எதற்குப் பழக்கம்? நான் கிள்ளானில் டீ-சர்ட்டில் கழுகு அச்சடிக்கப் போய்விட்டேன். அச்சடித்தவர் போட்டது பார்க்கக் கோழி மாதிரிதான் இருந்தது. அதையாவது சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காரை எடுத்தார். அம்மா அரிசிச் சேமியா பீஹூனைப் பிரட்டி, தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். மண்டபத்தில் முதல்முறையாக சுரேஷ் அண்ணனைப் பார்த்தேன். குரலை வைத்து ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார். என்னை மற்றவர்களுக்குக் காட்டி, இதுதான் நம்ம கழுகு என்று அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அறிவிப்பாளருக்கும் யாரோ ஓதியிருக்கிறார்கள். கிள்ளான் கழுகின் திரையை இன்று எல்லாரும் பார்க்கப்போகிறோம் என்று மைக்கில் சொல்லி, என் கம்ப்யூட்டரை மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் இணைத்துவிட்டார். முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும்.

ஆட்டம் தொடங்கியது. தீவில் இறங்கினேன்.

என் இடுப்புவரை புல்.

நிஜமாகவே எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. எங்கு பார்த்தாலும் புல், பச்சைப்பசேலென்று, காற்றில் அலையலையாக. மரமெல்லாம் இலை. கடல் மினுங்கியது. ஒரு வருடமாக நான் குடியிருந்த தீவு இவ்வளவு அழகா? சண்டையை மறந்து நின்று வேடிக்கை பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கழுகு, ஆள் எங்க இருக்கான்? சொல்லு" என்றார் அண்ணன்.

"அண்ணே, இங்க புல்லு இருக்கு."

"புல்லு எப்பவும் அங்கதானே இருக்கு?" என்றார்.

"எனக்கு இல்லண்ணே."

அவருக்குப் புரிவதற்கு மூன்று விநாடி ஆகியிருக்கும். அந்த மூன்று விநாடியில் ஒரு வருடத்துக் கழுகு, இறகெல்லாம் உதிர்ந்து, டீ-சர்ட்டில் இருந்த கோழியாகவே ஆகிவிட்டது. எதிரிகள் மடையர்கள் இல்லை. அவர்கள் ஒழுங்காகப் புல்லுக்குள் ஒளிந்திருந்தவர்கள். என் லேப்டாப்புக்குத்தான் புல் வரையச் சக்தியில்லை.

அதற்குள் என் காலடியிலேயே ஒருத்தன் புல்லுக்குள் படுத்துக்கொண்டு என்னையே குறிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் துப்பாக்கி முனை புல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். பெரிய திரையில் மண்டபத்துக்கே தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் அப்படியும் இப்படியும் திரும்பி இயற்கைக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் காதில்தான் ஹெட்போன் இருந்ததே. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, பஸ் ஹாரன் மாதிரிக் குரலில், "அந்தா படுத்திருக்கான்மா! காலுக்குக் கீழ பாரு!" என்று கத்தியிருக்கிறார். உட்காரச் சொன்ன நடுவரையும் தள்ளிவிட்டு மேடைப் பக்கம் ஓடி வந்திருக்கிறார். நான் தோற்றால் ஜெயிக்கப்போகிற மனிதர் அவர்தான். அது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை.

நான் சுடப்பட்டேன். வெளியிலிருந்து துப்புக் கொடுத்ததாக எங்கள் குழுவுக்கு எச்சரிக்கை விழுந்தது. அப்பாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆட்டத்தில் செட்டிங்கைக் குறைத்துத் தரும்படி கெஞ்சினேன். எல்லாருக்கும் ஒன்றுதான், மாற்ற முடியாது என்றார்கள். சரி, இனி புல் அசைந்தாலே சுடுவது என்று முடிவெடுத்தேன். புல் அசைந்தது. சுட்டேன். "ஐயோ, நான்தான் லா!" என்று காதுக்குள் சுரேஷ் அண்ணன் குரல். எதிரிகளில் ஒருத்தனைக்கூடத் தொடாமல் சொந்தத் தலைவரைக் கொன்ற ஒரே ஆள் அன்றைக்கு நான்தான். கடைசி இடம் எங்களுக்கு. மானம் கப்பலேறியது. (கிள்ளான்காரி இல்லையா, எங்களுக்குத் துறைமுகம் பக்கம்.)

சுரேஷ் அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பீஹூனை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, அந்தப் புல்லில்லாத ஃபைலை எனக்கும் அனுப்பு என்றார். அவர் குரலில் ஆசை கொஞ்சமும் இல்லை. என்னைத் தேற்றுவதற்காகக் கேட்டார் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

திரும்பி வரும் வழியில், கிள்ளான் நெருங்கும்போது அப்பா கேட்டார், "புது வண்டில டெஸ்டுக்குப் போறவன், முத நாள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்க மாட்டானா?" அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பந்தயத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, மறுநாள் பஸ்ஸிலும் பேசவில்லை. அவர் பேசியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். பேசாமலிருந்ததால், திங்கட்கிழமை சாயங்காலம், அதே லேப்டாப்பை அதே இட்லித் தட்டின் மேல் வைத்து மனுவை நானே நிரப்பினேன். மூன்று தடவை உறைந்து நின்று, நாலாவது தடவைதான் போனது. அம்மா உடனே தட்டை உருவிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை இட்லி.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கார் சாவி காணாமல் போனாலும் சரி, மூக்குக்கண்ணாடி காணாமல் போனாலும் சரி, "புல்லை ஆஃப் பண்ணிட்டுத் தேடு" என்றுதான் சொல்வார்கள். என் கல்யாணத்துக்கு வந்த சுரேஷ் அண்ணன் மாப்பிள்ளையின் காதில் இதைத்தான் முதலில் சொன்னார். என் கணவரும் இப்போது தினமும் சொல்கிறார். பள்ளிக்கூடத்துக்கும் எப்படியோ எட்டிவிட்டது. நான் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன்.

போன வருடம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் நான்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கேட்டைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். முன்வாசல் பக்கம் புல் முட்டிவரை வளர்ந்து கிடந்தது. வெட்ட ஆளில்லாமல் பல மாதமாக அப்படியே விட்டிருந்தோம்.

"எப்பம்மா இவ்வளவு புல்லு முளைச்சுது?" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பா மட்டும் சிரிக்காமல் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு மேடையில உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாப்பா."

"இந்தப் புல்லே கண்ணுல படாம ஒரு வருஷம் அத்தன பேரைச் சமாளிச்சியே. கெட்டிக்காரிதான்டி."

இருபத்து மூன்று வயதில் கேட்க ஆசைப்பட்டதை இத்தனை வருடம் கழித்துக் கேட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. புல் இல்லாததால்தான் சமாளித்தேன் என்று திருத்தாமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் புதுக்கண்ணால் என்னை நன்றாக ஒருதரம் பார்த்தார்.

"அது சரி, உனக்கு எப்ப தலை இவ்வளவு நரைச்சுது?"

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, அப்பாவுக்குச் செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்துவிட முடியுமா என்று கேட்க வேண்டும்.