வாய்க்காலுக்குள் போன ஸ்கூட்டர்

போலீஸிடம் பொய் சொல்ல வேண்டுமென்று நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வீட்டில் சொன்ன பொய்தான் என்னைத் தரதரவென்று அங்கே இழுத்துக்கொண்டு போனது.

நாத்தனார் பிலோமினா புது ஸ்கூட்டர் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று இரவல் கேட்டேன். "பாத்து ஓட்டுங்க அண்ணி" என்று பதினைந்து தடவை சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். வாய்க்கால் கரையில் போகும்போது அக்காவிடமிருந்து போன். வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு, சிக்னல் தேடி நடந்துகொண்டே பேசினேன். (தலைபோகிற விஷயம் ஒன்றுமில்லை. சித்தி மருமகளின் வாய்த்துடுக்கைப் பற்றி.) பின்னால் தொபுக்கென்று ஒரு சத்தம். திரும்பினால் வண்டி இல்லை. தண்ணீரில் நாலு குமிழி மட்டும் இருந்தது.

திருட்டுப் போனால் அனுதாபம் கிடைக்கும், வாய்க்காலில் விட்டால் ஏச்சு கிடைக்கும். இந்தக் கணக்கைப் போட ஒரு கணக்கு டீச்சருக்கு எவ்வளவு நேரமாகும்? "வண்டிய எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்" என்று அழுதுகொண்டே வீடு திரும்பினேன். என் கணவர் அந்தோணி நல்ல மனிதர். (அதுதான் தொல்லை.) "அழாத, கெளம்பு" என்று நேரே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

"ஆளப் பாத்தீங்களா?" என்றார் எஸ்.ஐ.

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். என் வாய்தான் சும்மா இருக்காதே. பச்சைத் துண்டு, முறுக்கு மீசை, நெற்றியில் தழும்பு என்று அளந்துவிட்டேன். எல்லாம் சொந்தக் கற்பனை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தோணியோடு போனால், என் கற்பனை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. துண்டு, மீசை, தழும்பு, ஒன்றுகூடக் குறையவில்லை. எங்கள் வாய்க்காலின் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் கலியபெருமாள். முந்தின நாள் சைக்கிளில் என்னைக் கடந்து போகையில், "சரிவுல நிறுத்தாதீங்க டீச்சர், உருண்டுரும்" என்று சொன்ன மனுஷர்.

"இவருதானா?" என்றார் எஸ்.ஐ.

கலியபெருமாள் எழுந்து கும்பிட்டார். "ரிட்டையராக மூணு மாசந்தான் சார் இருக்கு. கேஸுன்னு ஆனா பென்சன் போயிரும். டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க. என்னை மாதிரியே எவனோ ஒருத்தன் சுத்துறான் போல."

எனக்கு அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரமா விட்டீங்கன்னா தேவல சார். இன்னிக்கு முறை மாறுது, ஷட்டர இறக்கணும்" என்றார் அவர்.

ஆறு நாள் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், அடுத்த ஆறு நாள் அதை அடைத்துப் பக்கத்து வாய்க்காலுக்கு விடுவார்கள். கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது எப்படித்தான் மறந்ததோ. சாயங்காலத்துக்குள் தரை தெரிந்துவிடும். வண்டியும்தான்.

மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். (பொய் சொல்லிப் பட்டது போதும்.) பாதிக் காரணம் அவர் கும்பிட்ட கும்பிடு, பாதி ஷட்டர். "சார், வண்டி வாய்க்காலுக்குள்ள கெடக்கு" என்றேன்.

அந்தோணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"போலீசுக்குப் பொய்த் தகவல் குடுத்தா ஒரு வருசம் வரைக்கும் உள்ள போடலாம், தெரியுமா டீச்சர்?"

"தெரியாது சார்." (அதுவும் பொய். எங்கள் பள்ளியில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில் நன்றியுரை சொன்னதே நான்தான்.)

என்னைக் காப்பாற்றியது கலியபெருமாள். "விட்டுருங்க சார், பயத்துல உளறிட்டாங்க" என்று எனக்காகக் கெஞ்சினார். எஃப்.ஐ.ஆர். இன்னும் போடாததால், இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் தப்பினேன்.

சாயங்காலம் அவர் ஷட்டரை இறக்க, ஊரே கரையில் கூடி நின்று வேடிக்கை பார்க்க, ஸ்கூட்டர் கண்ணாடியிலிருந்து ஆரம்பித்து அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. "ஓட்டுறப்ப பாருங்கன்னு சொன்னேன் அண்ணி. நிறுத்துறப்பவும் பாக்கணும்னு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் பிலோமினா.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு தடவை தண்ணீர் முறை மாறும்போதும் கலியபெருமாளிடமிருந்து எனக்கு போன் வரும். மூன்று மாதத்தில் முழுப் பென்சனோடு ஓய்வு பெற்றார், தொல்லை விட்டது என்று நினைத்தேன். மனுஷர் ஷட்டர் சாவியோடு என் நம்பரையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன வாரமும் போன் வந்தது.

"டீச்சருங்களா? நான் புது லஸ்கர் பேசுறேன். ஷட்டர இறக்கப் போறேன். உள்ள ஏதும் கெடக்குங்களா?"